அண்ணிக்குப் பக்கத்து இருக்கை

பால்கனியில் ஒரு காலி இருக்கையின் பலகை தினமும் தானாக டப்பென்று விழும் சத்தம் ஆபரேட்டர் அறைவரை கேட்டது. தீ விபத்தில் இறந்துபோன பழைய ஆபரேட்டரின் ஆவிதான் அது என்று தியேட்டரே நம்பியது. இப்போதைய ஆபரேட்டர் அவருடைய தம்பி.

அந்த இருக்கையைப் பழுதுபார்க்க முதலாளி அனுப்பிய தச்சர், பால்கனியிலிருந்து ஆபரேட்டர் அறைக்கு வந்தார்.

"பேயுமில்ல, பிசாசுமில்லண்ணே. யாரோ வேணும்னே திருகாணியைத் தளர்த்தியிருக்காங்க."

"நான்தான்."

"எதுக்கு?"

"அண்ணி தினமும் மதியக் காட்சிக்கு வந்து அந்த சீட்டுக்குப் பக்கத்துல உக்காருவாங்க. படம் ஓடுற அதிர்வுல பலகை விழுந்ததும், 'வந்துட்டீங்களா'ன்னு சிரிப்பாங்க. அவங்க சிரிக்கிறதே அப்ப மட்டும்தான்."

தச்சர் திருப்புளியைப் பைக்குள் போட்டார்.

"முதலாளிகிட்ட என்னண்ணே சொல்ல?"

"பேய் விடலன்னு சொல்லு."

"சரிதான். எனக்கும் பேய்னா பயம்," என்ற தச்சர், பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, கதவை மெதுவாகச் சாத்தினார்.