அலைதடுப்புச் சுவரில் ஒரு நீண்ட சீட்டி

சீட்டியார் (1951–2015). புதிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டுகொண்டிருந்த ஆண்டுகளில், அதன் முனையில் நின்று பாறை லாரிகளைப் பின்னோக்கி வரவழைத்தவர். நீண்ட சீட்டி ஊதினால் வரவேண்டும். விட்டுவிட்டு ஊதினால் நிற்கவேண்டும். வேலை தொடங்கிய புதிதில் ஓர் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை நம்பிச் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, லாரியோடு மூழ்கி இறந்தார். அன்று முதல் ஓட்டுநர்களுக்கெல்லாம் சீட்டியார் ஒரே விதியைப் பழக்கினார்.

"கண்ணாடியப் பாக்காத. காதத் தொறந்து வை. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

சுவர் நீள நீள, கரையோரம் நகர்ந்து வந்த மணல் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. வடபுறத்தைக் கடல் தின்னத் தொடங்கியது. தென்கரையில் கிடங்குகள் எழுந்தன. வடகரையில் தெருக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சீட்டியாரின் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தது வடகரையில். அவள் கணவர் படகோட்டி. வாய்க்கு முன்னே கை நீளும் மனிதர். அடுப்பங்கரைச் சுவரை அலை கொண்டுபோன அன்று அவர் சீட்டியாரின் வாசலுக்கு வந்தார்.

"நல்லா ஊது மச்சான். நீ ஒரு ஊது ஊதினா என் வீட்ல ஒரு செங்கல் விழுது."

"நான் ஊதலன்னா இன்னொருத்தன் ஊதுவான்."

"அவனா இருந்தா அடிக்க வசதி. ஒன்ன அடிச்சா ஒன் தங்கச்சி சோறு போட மாட்டா."

மறுவாரம் அடித்தார்.

வடகரையார் நாற்பது பேர் படகுகளில் வந்து, கடற்பக்கமாகச் சுவர்மேல் ஏறினார்கள். முனையில் ஒரு லாரி பாறையோடு பின்பக்கம் காட்டி, சீட்டிக்காகக் காத்திருந்தது. வந்தவர்கள் அதன் பின்னால் கூடியதை ஓட்டுநர் அறியவில்லை. அவரை எச்சரிக்க, விட்டுவிட்டு ஊதுவதற்காகச் சீட்டியார் சீட்டியை உதட்டில் வைத்தார். லாரியை வரவழைக்கிறார் என்று எண்ணிய படகோட்டி, ஓங்கி வாயிலேயே குத்தினார். இரண்டு பற்களோடு சீட்டியும் பாறை இடுக்கில் விழுந்தது.

அந்த நேரத்தில் கரைப்பக்கமிருந்து வந்த காவல்துறை ஆய்வாளர், தடியடிக்கு நீளமாக ஒரு சீட்டி ஊதினார்.

பழகிய காது ஏமாந்தது. லாரி பின்னால் வந்தது. மற்றவர்கள் கடலில் குதித்தார்கள். படகோட்டியின் கால் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. சீட்டியார் கத்தினார், வாயிலிருந்து இரத்தந்தான் வந்தது. முன்பக்கம் ஓடி, கைக்கு அகப்பட்ட கல்லை லாரியின் முன்கண்ணாடிமேல் எறிந்தார். கண்ணாடி உடைந்து ஓட்டுநரின் முகத்தைக் கிழித்தது. லாரி நின்றது, பின்சக்கரம் படகோட்டியின் முழங்கால்மேல் நின்றது.

கல்லெறிந்தவரைக் காவலர்கள் விட்டுவைப்பார்களா? தடிகள் தோளிலும் மண்டையிலும் இறங்கின. அடி விழ விழ அவர் லாரியின் கதவைக் கையால் அறைந்துகொண்டே இருந்தார்: "முன்னால எடு... முன்னால எடு..." மணிக்கட்டு முறிந்தது. ஓட்டுநர் ஒருவாறு புரிந்துகொண்டு வண்டியை நகர்த்திய பிறகே அவர் கீழே சாய்ந்தார்.

மருத்துவமனையில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். தங்கை இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

"இவருக்குப் பல்லு போச்சு, அவருக்குக் காலு போச்சு. ரெண்டு பேருக்கும் மனசு குளுந்துச்சா?"

இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்கள்.

கல்லெறிந்த குற்றத்துக்காகச் சீட்டியாரின் வேலை போயிற்று. அந்த மழைக்காலத்தில் தங்கையின் வீடும் போயிற்று. எல்லோரும் ஒரு மாடியறையில் வாடகைக்குக் குடியேறினார்கள். கழிப்பறை கீழே இருந்தது. ஆகவே காலையில் படகோட்டியை முதுகில் சுமந்து இறக்குவது சீட்டியாரின் பொறுப்பாயிற்று. படியின் திருப்பத்தில் குறைக்கால் சுவரில் இடிக்கும். இடித்தால் படகோட்டி மேலிருந்தபடியே கைமுட்டியால் அவர் தலையில் குத்துவார்.

"அடி. ஆனா கழுத்தப் புடிச்சிக்கிட்டு அடி. விழுந்தா இன்னொரு காலும் போயிரும்."

"போனா போகட்டும். ஒனக்குச் சுமை கொறையும்."

படகோட்டி அடிப்பதையும் விடவில்லை, கழுத்தையும் விடவில்லை. 2015 ஜூன் 11 காலை, சீட்டியார் கடைசியாக அவரைச் சுமந்து கீழே இறக்கினார்.