துலுக்கானத்தின் கண்ணும் சாய்ந்த கடலும்

"ரசமட்டம்கூட பொய் சொல்லும் மாமே, என் கண்ணு சொல்லாது. செத்தாலும் எவனாண்டயும் போயி ‘இது நேரா கீதா’ன்னு கேக்க மாட்டான் இந்தத் துலுக்கானம்."

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில், கையில் பாதி வடையோடு செய்யப்பட்ட பிரகடனம் இது. வாய்ச்சவடால் என்று தள்ளிவிடக் கூடாது. பட்டறைகளுக்கு வரும் புது மிஷின்களை லாரியிலிருந்து இறக்கி, ரசமட்டக் குழாய் வைத்து மட்டம் பார்த்து நிறுத்துவது அவர் தொழில். மிஷினின் ஒரு கால் முடியளவு தாழ்ந்தாலும் அடியில் தகடு செருகுவார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடி முறைப்பார். மிஷின் பயந்துபோய் நேராகிவிடும்.

அந்தக் கண்ணைத்தான் புகைப்படக் கலைக்கு அர்ப்பணித்தார். லீவு கிடைத்தால் மனைவி பேபியோடு பஸ் ஏறி, கோட்டை, கலங்கரை விளக்கம், கடல் என்று செல்போனில் பிடித்துவருவார். அடுத்தவன் எடுத்த படத்தில் கடல் கோணியிருந்தால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "இந்த வருசக் காலண்டர்ல சாமி படம் வேணாம். கடலும் பழைய கட்டடமுமா ஒண்ணு எடுத்துட்டு வா. கீழ உன் பேரு போட்டுடறேன். ஆனா கோணையா இருந்துச்சுன்னா, அப்புறம் மிஷின் நிறுத்த நம்மள எவன் கூப்புடுவான்?"

துலுக்கானத்தின் பெயர் அதுவரை அவருடைய கல்யாணப் பத்திரிகையில் மட்டுமே அச்சேறியிருந்தது. அதிலும் எழுத்துப் பிழை.

தரங்கம்பாடிக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்தில், உப்புக்காற்று பாதி தின்றுவிட்ட சுங்கக் கட்டடம் ஒன்று அகப்பட்டது. பின்னால் கடல். ஸ்டாண்டை நட்டு, போனை மாட்டி, ஒற்றைக் கண்ணை மூடினார்.

கடல் நேராக இருந்தது. கட்டடம் சாய்ந்திருந்தது.

சரி, தரை சரியில்லை. ஸ்டாண்டின் ஒரு காலுக்கடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினார். இன்னொன்று. பேபி வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தின் காகிதமும் போயிற்று. கட்டடம் நிமிர்ந்தது. இப்போது வங்காள விரிகுடா இடப்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. காகிதத்தை உருவினார். கடல் அடங்கியது, கட்டடம் குடித்தவன்போல் சாய்ந்தது. இரண்டு விதமாகவும் ஒவ்வொரு படம் பிடித்துவைத்தார்.

கட்டடம் கட்டியவன் தப்பா, கடல் தப்பா, தன் கண்ணே தப்பா? மூன்றாவது சந்தேகம் அவருக்கு ஆயுசிலேயே வந்ததில்லை. இப்போது கரையில் கிடந்த படகு, தென்னை, தூரத்தில் நின்ற நாய் எல்லாமே ஒவ்வொரு பக்கம் சாய்ந்து தெரிந்தன.

போன் அடித்தது. பட்டறைக் கூட்டாளி தமிழ்வாணன். "இன்னா மாமே, கடல இன்னும் மட்டம் பாத்துகினு கீறியா? அச்சாபீஸ்காரன் எதுர்லயே குந்திகினு கீறான். நீ அனுப்பலன்னா முருகர் படத்த போட்டுட்டு போயினே இருப்பான்."

"ரெண்டு கீதுடா..."

"ரெண்டு காலண்டரா அடிக்கப் போறோம்? ஒண்ண அனுப்பு!"

துலுக்கானம் படகு நிழலில், பேபி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு படத்தைக் காட்டினார், தள்ளி அடுத்ததைக் காட்டினார்.

"பேபி... இதுல எது நேரா கீதும்மே?"

மணலைத் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "யாராண்ட கேக்கற?"

"உன்னாண்டதான்."

அவள் போனை வாங்கி, இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்து, ஒன்றைத் தொட்டாள்.

அதை அனுப்பினார். அது நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கவில்லை.