சின்னத் துரையின் காருக்கு அடியில் படுத்தது

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போயிற்று. முன்னதைப் பின்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தோ முப்பத்தாறோ இருக்கும். இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரருக்கு, பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னத் துரையின் காரைக் கழுவித் துடைத்து எண்ணெய், தண்ணீர் பார்க்கிற வேலை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடக்குகிற பச்சைக் கார். வேறொரு துரையிடம் வாங்கிய பழைய பந்தய வண்டி. படுத்த மாடு மாதிரி தரையோடு தரையாக இருக்கும்.

அந்தத் தாழ்வினால்தான் எனக்கும் காருக்கும் பழக்கம் வந்தது. கியர்ப்பெட்டியின் எண்ணெயை மாற்ற அடியில் நுழைய வேண்டும். வீட்டுக்காரருக்குத் தோள் அகலம், நுழைந்தால் மாட்டிக்கொள்வார். நான் அப்போது குச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கடைத்தெருவுக்குப் போனபின் பெரட்டுக் களத்தில் வண்டியை நிறுத்தினார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம் அது. தோட்டத்தில் சமமான தரை அது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும். மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கை முதுகுக்கு விரித்துக்கொண்டு உள்ளே போனேன்.

துரை நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய்வந்த சூடு ஆறுவதற்குள் அடிமூடியைக் கழற்ற வேண்டும். ஆறினால் எங்கள் குளிருக்கு எண்ணெய் பாகாகிவிடும், இறங்காது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு செப்பு வளையம் உண்டு. அதை என் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி, திரும்பவும் மாட்டினேன். பிறகு பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்து, மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயால் புது எண்ணெயை ஊற்றினேன். அந்த ஓட்டையின் விளிம்பில் எண்ணெய் வழியத் தொடங்கினால் அளவு சரி. தலைமுடியில் பட்ட நாற்றம் நாலு நாள் போகவில்லை. பக்கத்து நிரையில் பறிக்கிறவள், "ஏண்டி, மண்டையில என்னத்தத் தடவுற, வீட்டுக்காரருக்கே புடிக்குதா?" என்று கேட்டாள். நான் கூடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தேன். பொம்பளை துரையின் காரைத் தொட்டாள் என்று தெரிந்தால் அவருக்கு வேலை இருக்காது.

சில வாரம் கழித்துக் கியரில் கர்ரென்று சத்தம் வந்தது. சின்னத் துரை, பெரிய துரையின் பங்களா டிரைவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் கார் நிற்கிற பங்களாக் கொட்டகையிலேயே பக்கத்து மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். விரல் காய்ந்தபடி வந்திருக்கிறது என்று வீட்டுக்காரர் அன்றிரவு வந்து சொன்னார்.

மறுநாள் பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்புப் பறை அடித்து நாங்கள் கூடையோடு வரிசையில் நின்றபோது, சின்னத் துரை அந்தக் காரிலேயே களத்துக்கு வந்தார். பக்கத்தில் டிரைவர். என் வீட்டுக்காரரை முன்னால் கூப்பிட்டார்கள்.

"சொட்டு எண்ணெய் இல்லீங்க தொரை. ஊத்தக் குடுத்தத வண்டிக்காரனுக்கு வித்துப்புட்டான். லிந்துலையில எந்த மாட்டு வண்டி கத்தாம போவுதுன்னு பாருங்க, தெரியும்" என்றார் டிரைவர். சிலர் சிரித்தார்கள்.

துரைக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "உனக்குப் பத்துச்சீட்டு. பெரிய தொரைகிட்ட நான் சொல்றது. நீ லயம் விட்டுப் போறது" என்றார்.

பத்துச்சீட்டு என்றால் வேலையும் போயிற்று, லயத்து அறையும் போயிற்று. என் வீட்டுக்காரர் தலை குனிந்தே நின்றார். ஊற்றியது யார் என்று சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்ததாகும் என்றுதான் அப்படி நின்றார். எனக்குக் குரல் வந்துவிட்டது.

"நாந்தாங்க ஊத்துனேன்."

பொம்பளைகள் துரையிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. கங்காணியிடம் சொல்ல வேண்டும், அவர் துரையிடம் சொல்வார். "ஏ புள்ள, வாய மூடு. என்னான்னாலும் எங்கிட்ட சொல்லு" என்று கங்காணி சீறினார்.

"ஒங்ககிட்ட சொன்னா ஒங்களுக்கு ஏத்த மாதிரியில்ல சொல்வீங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றேன். துரையைப் பார்த்தேன். "பங்களாக் கொட்டகை சரிவுங்க. சாஞ்ச பானையில மேட்டுப் பக்கம் வெரல விட்டா தண்ணி தட்டுமாங்க? இந்த எடம் சமம். இங்க தொறந்து பாருங்க."

"கொழுந்து கிள்ற கை காரப் பத்திப் பேசுது!" என்றார் டிரைவர்.

"கிள்றதும் இதே கைதாண்ணே. மூடியத் திருகுனதும் இதே கைதான்."

துரை டிரைவர் பக்கம் திரும்பி, "திற" என்றார். டிரைவர் தம்முடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு குனியவில்லை. நான் கூடையை இறக்கினேன். என் வீட்டுக்காரர் மூடி திருகுகிற சாவியை என் கையில் கொடுத்தார். படங்கை விரித்து அத்தனை பேருக்கும் முன்னால் அடியில் நுழைந்தேன். வெளியே என் பாதம் மட்டும்தான் தெரிந்திருக்கும். கூச்சம் இல்லை என்று சொல்ல மாட்டேன், உயிர் போயிற்று. பக்கத்து மூடியைத் தளர்த்தியதும் எண்ணெய் வெதுவெதுப்பாக என் மணிக்கட்டில் இறங்கி முழங்கைவரை வந்தது.

வெளியே வந்து கையை டிரைவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஈரம் இருக்குங்களாண்ணே?"

வரிசை முழுக்கச் சிரித்தது. துரைக்கு முகம் சிவந்தது. "எண்ணெய் இருக்கு. சத்தம் ஏன்?" என்றார்.

உள்ளங்கையை வெயிலுக்குக் காட்டினேன். எண்ணெயில் பொடிப்பொடியாக இரும்பு, மீன் செதில் மாதிரி மினுங்கியது. "பல்லு தேயுதுங்க. கிளச்ச முழுசா மிதிக்காம கியர இழுத்தா தேயத்தான செய்யும்? மேட்டுல நீங்க வாற சத்தம் லயத்துக்கே கேக்குதுங்க. தொடைக்கிற ஆளு மேல இதுக்கு எப்படிங்க குத்தம்?"

துரை காரில் ஏறினார். ஏறிக்கொண்டு, "பொம்பள கார் தொடக் கூடாது" என்றார்.

"அப்ப அடியில யாருங்க போறது? அவருக்குத் தோள் நுழையாதே."

துரை கிளச்சை மிதித்து வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கு மட்டும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பத்துச்சீட்டு வரவில்லை. திருட்டுப் பழி போட்டது தப்பு என்று துரையோ டிரைவரோ சொல்லவுமில்லை. எதிர்த்துப் பேசியதற்காகக் கங்காணி என்னைச் செங்குத்தான உச்சி மலைக்கு ஏற்றினார். ஏறினேன், கூடையை நிறைத்துக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த தடவை எண்ணெய் மாற்ற ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வேலை விட்டு எல்லாரும் அந்த வழியாக வருகிற நேரத்தில், அதே களத்தில் படுத்து மாற்றினேன். பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பக்கத்து மூடி இடப்புறமா வலப்புறமா, பிடித்த எண்ணெய் இரண்டு போத்தலா மூன்றா என்பது இப்போது நினைவில்லை. அந்தக் காலத்துக் கார் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சரிசெய்து கொடுத்தால் நல்லது.