மாப்பிள்ளைக் காற்று

இடது கால் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள் என்றால் படகுத்துறை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். என்ஜினின் நடுக்கம் வெறுங்காலில் தெரிந்தால்தான் அவளுக்குப் படகு கைக்கு அடங்கும். பயணிகளுக்கு அவள் 'கேப்டன் அக்கா'. துறையில் குதித்துப் படகைக் கட்ட, முன்னால் கயிறோடு நிற்பவர் அவள் கணவர். வீட்டிலும் தண்ணீரிலும் அவள் குரலையே கேட்டுக் காது புளித்துப்போனவர்.

காற்றுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "வாங்க மாப்ளே! இன்னிக்கு என்ன முறுக்கு?" என்று கொஞ்சுவாள். எதிர்த்து நிற்கக் கூடாதாம். "அவரு போக்குல விட்டுட்டு நம்ம காரியத்த முடிச்சுக்கணும்" என்பாள். யாராவது படகுக்கு வெளியே கையை நீட்டினால் மட்டும் கொஞ்சல் பறந்துவிடும். "கைய உள்ள எடு! போனா உங்கம்மா மறுபடி பெத்துத் தருவாங்களா?"

அன்று மாப்பிள்ளை நிஜமாகவே கோபித்துக்கொண்டு வந்திருந்தார். படகைப் பக்கவாட்டில் துறைச் சுவரை நோக்கித் தள்ளினார். "நான் சொன்னப்புறம் குதிங்க!" என்று அவள் கத்தி முடிப்பதற்குள், பழக்கதோஷம், கணவர் குதித்துவிட்டார். ஈரப் படியில் கால் வழுக்கி, சுவருக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தார்.

மேலே வந்து மூச்சு விட்டபோது கண்டதை அவரால் நம்ப முடியவில்லை. படகு பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவள் கயிறு வீசவில்லை, கூப்பிடவில்லை. கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, அவரை விட்டு விலகிப் போனாள். "புருஷனத் தண்ணியில போட்டுட்டுப் போறியே, நீ மனுஷியா?" என்று பயணிகள் அலறினார்கள். அவர் நெஞ்சிலும் அதே கேள்விதான். குளிரைவிட அதுதான் அவரை உதறவைத்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததற்கு இதுதானா?

துறையில் நின்ற டிக்கெட்காரர் கயிறு வீசி அவரை மேலே இழுத்துப் போட்டார். அதன் பிறகே படகு திரும்பி வந்தது. எவ்வளவு பதமாகக் கொண்டுவந்தும் கடைசி நொடியில் காற்று அறைய, படகு சுவரில் மோதியது. அங்கே தொங்கிய லாரி டயர் தட்டையாக நசுங்கியது. சற்று முன் அவர் தலை தெரிந்த இடம் அதுதான். திட்டிய பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள்.

"கிட்ட நின்னிருந்தா…" என்று ஆரம்பித்தாள் அவள். அருகே வந்து கணவரின் சட்டை நுனியைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும், அவர் உடம்பில் கிடந்த அந்தச் சட்டையை விடாமல் பிழிந்துகொண்டே இருந்தாள்.