ஒரு காருக்கு இரண்டு ஆயுள் வரி

பெங்களூரை விட்டு நான் மதுரைக்கே வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அம்மா போன பிறகு கோச்சடை வீட்டில் அப்பா தனியாக இருந்தார். கட்டில், பீரோ, பூனை எல்லாவற்றோடும் வந்து இறங்கினேன். பூனை தங்கிவிடும் என்று அப்பா நம்பினார். என்னை நம்பவில்லை. போனில் யார் விசாரித்தாலும், "லீவுல வந்திருக்கா" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஏன்ப்பா இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், வாசலில் நிற்கும் என் காரைக் கண்ணால் காட்டுவார். கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடக நம்பர். இங்கேயே இருக்கப்போகிறவள் முதல் வேலையாக அதை மாற்றியிருப்பாள் என்பது அவர் கட்சி.

என் கட்சி வேறு. கார் வாங்கிய அன்றே கர்நாடகம் என்னிடம் ஆயுள் வரியை ஒரே மூச்சில் கறந்துவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் இங்கேயும் வரி கட்டி நம்பரை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, மிச்ச வருஷங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பெங்களூருக்கு எழுதிப் போடலாம். கொடுப்பார்கள். எப்போது என்றுதான் கேட்கக் கூடாது. ஓசூர் தாண்டினால் செத்துப் பிறக்கிறதா என் கார், இரண்டாவது ஆயுளுக்கு வரி கட்ட?

இந்த விஷயத்தில் எதிர்வீட்டு அண்ணன் கரை கண்டவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். சொந்தமாகக் கார் கிடையாது, ஆனால் எந்த மாநிலத்தில் என்ன வரி என்பது அத்துப்படி. சாயங்காலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் இந்தியா முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். கர்நாடகத்தைப் போல உருவுவதற்கு ஆள் கிடையாது என்பார். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் காரின் விலை ஏற ஏற வரியும் கூடவே ஏறும். பாண்டிச்சேரிதான் சல்லிசு, அங்கே பதிந்துவிடு என்றார். அதற்கு அங்கே முகவரி வேண்டுமே என்றேன். ஒரு ரூம் வாடகைக்குப் பிடித்துப் போடு என்றார். மதுரையில் நான் குடியிருக்க, பாண்டிச்சேரியில் என் காருக்குத் தனி வீடு. அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பேப்பரை மடிப்பார்.

ஊரும் அப்பா பக்கம்தான் நின்றது. பசுமலையில் டீக்கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தார். கடைவீதியில் ஒருவர், "ஆவோ, ஆவோ" என்று கையை ஆட்டி என்னை ரிவர்ஸ் எடுக்க வைத்தார். இம்புட்டு இடம் போதும்ண்ணே என்று நான் சொன்னதும் மனிதர் முகத்தில் ஓர் ஏமாற்றம்.

பதினோராவது மாதம் உசிலம்பட்டியில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. மண்டபம் நிறையக் கூட்டம், கறிவிருந்து. அப்பாவை முதல் பந்தியில் உட்கார்த்திவிட்டு நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினேன். பாதிப் பந்திகூடப் போகவில்லை, மைக் கரகரத்தது. கே.ஏ. நம்பர் கார் ஒன்று சமையல் வேனை மறித்து நிற்கிறது, பெங்களூர் விருந்தாளி வந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தவும் என்றார்கள்.

காதுகுத்து மண்டபத்தில் மைக்கை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. நான் வாளியை வைத்துவிட்டுச் சாவியோடு ஓடியது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. காரில் ஏறி உட்காருவதற்குள் ஒரு பெரியம்மா டிபன் கேரியரோடு மூச்சிரைக்க வந்தார். "அம்புட்டுத் தூரம் போறவ வெறும் வயித்தோட போகலாமாடி?" இன்னொருவர் பின்சீட்டில் வாழைத்தாரை ஏற்றினார். யாரோ நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். காரை நகட்டத்தான் வந்தேன் என்று கத்திப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் மடியில் சோற்றைக் கட்டும்போது அவர்கள் பேச்சு எடுபடாது. வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். காலில் செருப்பில்லை. கையில் சோறு ஒட்டியிருந்தது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் விருந்து வைத்தவரை அவமதித்ததாக ஆகிவிடும். என் வயதுக்கு அப்பா அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கார் கதவோரம் நின்றார்.

"எங்கிட்டக்கூடச் சொல்லாமயா தாயி கெளம்பிட்ட?"

சிரிப்பு நின்றுவிட்டது. தள்ளி நிறுத்தத்தான்ப்பா வந்தேன் என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. நான் காரை வேப்பமரத்தடியில் நிறுத்திப் பூட்டிவிட்டு வரும்வரை, எச்சில் கையை மடக்கிக்கொண்டு வெயிலிலேயே நின்றார். பத்து மாதமாக இந்தப் பயத்தோடுதான் இவர் காலையில் எழுந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையாக வந்தது. அவருக்கு வேறு இலை போடச் சொல்லி, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமையே பெங்களூரில் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். அது வந்ததும் இங்கே வரியைக் கட்டினேன். பாண்டிச்சேரியில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று எதிர்வீட்டு அண்ணன் ஒரு வாரம் துக்கம் அனுசரித்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காரைக் காட்டி, மதுரை நம்பரை மாட்டிக்கொண்டு வந்தபோது அப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னப்பா என்று எழுந்து ஓடினேன். இத்தனை மாதமும் அவரே எழுந்து தண்ணீர் பிடித்துவந்த குடத்தைக் காலியாக என் கையில் கொடுத்தார்.

"குழாயில தண்ணி வருது. இனிமே காலைத் தண்ணி உன் பொறுப்பு."

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் குழாயடிக்குப் போவதற்குள் அவர் குறட்டைச் சத்தம் கேட்டது.