தவளை அறுத்த கை

மகளுக்கு அப்போது நான்கு மாதம். பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுவாள். மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் அடைக்க வேண்டும் என்றார்.

காரைக்குடிக்குத் திரும்பியதும் வீட்டிலிருந்தவர்களுக்கு நான்தான் விளக்கினேன். நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. ஆண்டுதோறும் நடத்துகிற பாடம்தான். மீனுக்கு இதயத்தில் இரண்டு அறை. தவளைக்கு மேலே இரண்டு, கீழே ஒன்றே ஒன்று. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் அந்த ஒரு கீழறைக்குத்தான் வரும். தோலாலும் சுவாசிப்பதால் தவளைக்கு அது போதும். நமக்கு நான்கு அறை. நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் பிள்ளை உடம்பு தாங்காது.

வலையபட்டியிலிருந்து வந்திருந்த என் கணவரின் அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "காலேஜுல தவளையா அறுத்துத் தள்ளுன கைதானே. அந்தப் பாவம் பிள்ளை நெஞ்சுல வந்து விடிஞ்சிருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கும் நம்மளப் போல நாலு அறைதான் மதினி," என்றேன். "ஞாயித்துக்கிழமையானா அறுக்குறீக. உங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இப்படியா எதிர்த்துப் பேசுவது என்று அழுதபடியே அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போன் போட்டு மன்னிப்புக் கேள் என்று கணவர் இரண்டு நாள் நச்சரித்தார். நான் கேட்கவில்லை. ஆபரேஷனுக்காக மதுரை போகும்போது, காரில், அக்கா ஏதோ தெரியாமல் பேசிவிட்டது என்று மறுபடி ஆரம்பித்தார்.

"தெரிஞ்சுதான் பேசுனாக. நீங்கதான் வாயத் தெறக்கல."

அவர் கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

டாக்டர்கள் ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். ஒரு மாதத்திலேயே மகள் வியர்க்காமல் வயிறு நிறையப் பால் குடித்தாள். இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள்.

சென்ற மாதம் மதினி வந்தார். தான் முடியிறக்க நேர்ந்துகொண்டதால்தான் ஓட்டை மூடியது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் கணவர், "அத டாக்டர்தான் அடைச்சாரு, அக்கா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

இப்படி ஒரு வாக்கியத்தை அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.