குடிகார வேஷத்துக்கு நன்னடத்தைச் சான்று

எங்கள் நாடகக் குழுவின் கதாநாயகருடைய மகனுக்கு முப்பத்தாறாவது வயதில் ஒரு பெண் அமைந்து வந்தது. எங்கள் நாடகத்தால் அது கைவிட்டுப் போகப் பார்த்தது. நடந்துகொண்டிருந்தபோது இந்த விவரம் எனக்குத் தெரியாது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பில் சுருக்கக் குறிப்பை மேலே வைத்துப் பழகியவன் நான். வருவாய்த் துறையில் கடைசிக் காலத்தில் பொதுத் தகவல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். கேட்கிற தகவலை எந்தப் பிரிவின் கீழ் மறுக்கலாம் என்று பார்ப்பதுதான் அந்தப் பதவியின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் நினைப்பது முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊர். ஆண்டுக்கு ஒரு நாடகம் போடுவோம், ஆடிக் கடைசி ஞாயிறன்று, கோயில் திடலில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபத்துக்காரர் சாப்பாட்டுக் கூடத்தின் சாவியை ஒத்திகைக்குத் தந்துவிடுவார். குழம்பு வாசனை போகாத அந்தக் கூடத்தில்தான் எங்கள் கலை வளர்கிறது. கதாநாயகர் முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வில்லனுக்குச் சிமெண்டுக் கடை. பெண் வேஷத்துக்கு மட்டும் சேலத்திலிருந்து ஒரு நடிகையைக் கூப்பிடுவோம். பல ஊர் நாடகங்களில் பலருக்கும் மனைவியாக அழுது பழகியவர். நான் செயலாளர். மேடைத் தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவனும் நானே. இந்த முறை நாடகத்தை எழுதியதும் நான்தான். குடியால் லாரியை இழந்து, குடும்பத்தை இழந்து, கடைசியில் சாலையோரம் செத்துப்போகும் ஒருவனின் கதை.

பாத்திரம் கிடைத்தபோது பண்ணைக்காரருக்கு வாயெல்லாம் பல். பால் ஊற்றாத டீயைக் காலி பிராந்தி பாட்டிலில் நிரப்பிக்கொண்டு முதல் நாளே தள்ளாடிக் காட்டினார். இரண்டாவது வாரம் ஆள் மாறிவிட்டார்.

"சார், அந்தப் பாட்டிலு வேண்டாமுங்க. டம்ளர்ல ஊத்திக் குடிச்சா ஆவாதுங்களா?"

"கூடவே ரெண்டு பிஸ்கட்டும் குடுத்தரலாமுங்க மச்சான்" என்றார் சிமெண்டுக்காரர்.

அடுத்த நாள் பண்ணைக்காரர் இன்னொரு திருத்தம் கொண்டுவந்தார். "குடிகாரன்னே வேண்டாமுங்க சார். மனசு ஒடிஞ்சவன்னு வெச்சுக்கலாம்."

"மனசு ஒடிஞ்சா ஏன் மச்சான் தள்ளாடோணும்? காலு ஒடிஞ்சாத்தான் தள்ளாடோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பண்ணைக்காரர் சிரிக்கவில்லை. பாட்டிலோடு அவர் நிற்கும் படத்தைச் சிமெண்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அதை எடுக்கச் சொல்லி, எடுக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிளெக்ஸ் பேனரில் தன் படம் வெள்ளை வேட்டி சட்டையோடு இருக்க வேண்டும் என்றார். போனில் பேசிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் போனால் "வெச்சர்றனுங்க" என்று துண்டித்துவிடுவார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் விசாரிப்பது என் சுபாவம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப் போகிறாரோ என்று முதலில் நினைத்தேன். பழக்கமான கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டேன். அப்படி ஒரு பேச்சே இல்லை என்றார். பிறகு பக்கத்து ஊர்க் குழுவுக்குத் தாவுகிறாரோ என்று பார்த்தேன். அங்கே கதாநாயக வேஷத்துக்கு ஏற்கெனவே இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. மிச்சமிருந்தது கடன். பண்ணையை விரிவாக்க எங்கோ பெரிய கடனுக்கு மனுப் போட்டிருக்கிறார், நிதி நிறுவனத்தார் கண்ணில் பாட்டில் படக்கூடாது என்று பயப்படுகிறார். இதுதான் என் முடிவு. ஆதாரம் இல்லாத முடிவுகளில் ஒரு வசதி, அவற்றை மறுக்கவும் ஆதாரம் இருக்காது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் அவருக்குத் தங்கை மாதிரி இருந்த ஓர் அம்மாளும். சாப்பாட்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காட்சி முழுக்கப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் செத்து எழுந்து பின்னறைக்குப் போனதும் பெரியவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் செகரட்டரியா?"

"ஆமாங்க. நீங்க?"

"இந்தப் பக்கமா வந்தோம். சத்தம் கேட்டுச்சு. சும்மா எட்டிப் பார்த்தோம்."

மண்டபம் மெயின் ரோட்டிலிருந்து வெகு உள்ளே இருக்கிறது. அங்கே சும்மா எட்டிப் பார்க்க மாடுகள்தான் வரும்.

"குடிகாரரா நடிச்சாரே, அவரு வீடு எந்தப் பக்கம்?"

எங்கள் பக்கத்துக்காரராக இருந்தால் ஊடு என்றிருப்பார். இவர் வீடு என்றார். கிழக்கத்தி ஆள்.

"ஆளு எப்படி? பழக்கவழக்கம்லாம்?"

கடன் கொடுக்கும் முன் நோட்டம் பார்க்க வந்த நிதி நிறுவன ஆட்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நல்லவிதமாகச் சொல்லி நாளை தவணை நின்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். மூன்றாம் நபர் பற்றிய தகவல். பணியில் இருந்தபோது இதற்கு ஒரே பதில்தான்.

"அடுத்தவங்களப் பத்தி நான் எதும் சொல்றதில்லீங்க."

"நல்லவரா கெட்டவரான்னு ஒரு வார்த்தை சொல்றதுல என்னாங்க கஷ்டம்?" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்கள். விசாரணையைச் சட்டப்படி முறியடித்த திருப்தியில் அடுத்த காட்சியைத் தொடங்கச் சொன்னேன்.

கல்யாண விஷயமாக வந்து கேட்கிறவரிடம் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரிய விவகாரம் இருக்கிறது, சொல்லிப் பாவத்தைக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை என்பதுதான் அது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆடி மாதத்தில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்களே. பேச்சுத்தான் எடுக்கக்கூடாது, ரகசியமாக விசாரித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் புறப்பட்டு வந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அதன்பின் பண்ணைக்காரர் ஒத்திகைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. விளக்கம் கேட்டு, திருப்தி இல்லாவிட்டால் 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணையே கொடுக்கும் மனநிலையோடு, சிமெண்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பண்ணைக்குப் போனேன். அவர் மனைவி முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எப்போது போனாலும் முதலில் நாற்காலியை எடுத்துப் போடுகிறவர். அன்று போடவில்லை.

"ஏனுங்கண்ணா, நாங்க உங்களுக்கு என்ன பண்ணுனோம்?"

எனக்குப் புரியவில்லை.

"ஆத்தூர்ல இருந்து பொண்ணோட அப்பாவும் அத்தையும் வந்து உங்களக் கேட்டாங்களாமா. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போட்டீங்களாமா. இத்தன வருசமா கூடவே சுத்தறீங்க, ஒண்ணுமே தெரியாதுங்களா?"

கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார். "கோழிப்பண்ணைன்னாலே ஒருத்தரும் பொண்ணு தரமாட்டீங்கறாங்க. மாசச் சம்பளம் வேணுங்கறாங்க. மூஞ்சியத் திருப்பாத எடம் இது ஒண்ணுதானுங்க. இப்பத் தரகர் போன் பண்றாரு, பாத்துட்டுச் சொல்றோம்னாங்களாமா."

பாத்துட்டுச் சொல்றோம் என்பதும் மறுப்புத்தான். அதிலும் எனக்கு அனுபவம் உண்டு. மகன் அந்தப் பக்கமாக வந்து, எங்களைப் பார்க்காமல், அடுக்கிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனான். பண்ணைக்காரர் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பேசினார்.

"சார், வேசத்தைச் சிமெண்டுக்காரருக்கே குடுத்துருங்க."

கதாநாயக வேஷத்துக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் சிமெண்டுக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க மச்சான். எம்பட பையனுக்கும் இன்னும் பொண்ணு கெடைக்கலே."

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"யாருகிட்டயும் மூச்சு உடாதீங்க, கலைச்சு உட்டுருவாங்கன்னு தரகர் சொன்னாருங்க."

"யார் கலைப்பாங்க?"

ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வேவு பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவரும் என்னைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார். அது ஒருவிதத்தில் மரியாதையாகக்கூட இருந்தது.

மறுநாள் ராசிபுரம் போய் ஆத்தூருக்குப் பேருந்து ஏறினேன். பெரியவருக்குச் சேகோ ஆலை. களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கின் புளித்த வாடை தெருமுனையிலேயே வரவேற்றது. ஈர மாவை ஆட்கள் கொண்டுவந்து காட்ட, ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது புளிச்சுருச்சு, தனியாப் போடு" என்றவர் என்னை அடையாளம் கண்டார். "அன்னைக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க. பஸ் ஏறி வந்து சொல்ற அளவுக்கு இப்ப என்னா தெரிஞ்சுது? அவங்க அனுப்புனாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

தகவலைத் தானாக முன்வந்து வெளியிடத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. எந்த அலுவலகமும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

"நல்லவரு, வல்லவருன்னு சொல்லப் போறீங்க. அதைத் தரகரே சொல்லிட்டாரு." அடுத்த கைப்பிடி மாவை எடுத்தார்.

அவர் சொன்னது நியாயம். அன்று வாயை மூடியவன் இன்று புகழ்ந்தால் நான்கூட நம்பமாட்டேன். அதோடு, பேருந்தில் வந்த அலுப்பு.

"நல்லவருன்னு சொல்ல நான் வரலீங்க. அந்த மனுசனப் பத்தி எனக்கு ஆயிரம் புகார் இருக்குது."

கை மூக்கருகே அப்படியே நின்றது. நான் ஆரம்பித்தேன். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வசனத்தை மனப்பாடம் செய்ததே இல்லை. என் தொண்டைதான் போகிறது. சட்டைப் பையில் சீப்பு, காட்சிக்குக் காட்சி தலை வாரல். போன முறை பிளெக்ஸில் வில்லனைவிடத் தன் படம் சிறிதாக இருந்தது என்று குழுவோடு பேசாமல் இருந்தார். சாகச் சொன்னால் செத்த பிறகும் முகத்தை வீடியோ எடுக்கும் கேமராப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். குழுவுக்கு முட்டை கொடுத்து அனுப்புவார். அத்தனையும் விரிசல் விட்ட முட்டை.

பெரியவரின் தங்கை உள்ளேயிருந்து வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அப்புறம்?"

அப்புறமும் இருந்தது. சொன்னேன். கடைசியில் பெரியவர் கேட்டார்: "குடி?"

"இருந்திருந்தா அதைத்தானுங்க மொதல்ல சொல்லியிருப்பேன்."

"இவ்வளவு குத்தம் கண்டுபிடிச்சவரு அதை மட்டும் உட்டு வெப்பாராண்ணா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

"பையன்?"

"பையனை அதிகம் பார்த்ததில்லீங்க. நாடகத்துக்கே வரமாட்டான்."

"ஏன்?"

"அப்பன் சாகறதைப் பார்க்க முடியாதாமா."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நாடகம் என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் நாள் கேட்டதைச் சொல்லித்தான் பண்ணைக்காரரைத் திரும்ப அழைத்துவந்தேன். பாட்டிலோடுதான் நடிக்க வேண்டும், இப்போது ஒளித்தால் சந்தேகம் பலப்படும் என்றும் சொன்னேன். ஒப்புக்கொண்டார். என் புகார்களை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு மாலை, வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி, நடிகர் முதல் முறை மேடைக்கு வரும்போது மாமன் மச்சான்கள் ஏறி மாலை போடுவார்கள். நாடகம் நின்று, பிறகு நகரும். முதல் தோற்றத்தோடு சரி, நடுவில் யாரும் ஏறக்கூடாது என்பது நான் கொண்டுவந்த விதி. மைக்கிலும் அறிவித்திருந்தேன். ஆத்தூர்க்காரர்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பண்ணைக்காரர் மேடையிலிருந்து அவர்களைப் பார்ப்பதும் பாட்டிலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

சாலையோரக் காட்சியில், அவர் தள்ளாட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது, பெரியவர் பொன்னாடையோடு மேடை ஏறினார்.

பண்ணைக்காரரின் போதை அந்த நிமிடமே தெளிந்தது. நிமிர்ந்து நின்று கும்பிடப் பார்த்தார். கையில் பாட்டில். பெரியவர் பெருந்தன்மையாக அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். திடலுக்குத் தெரியாதது தட்டிக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது. வாங்கிய பாட்டில் அவர் மூக்குக்குக் கீழே கொஞ்சம் தாமதித்துத்தான் கீழிறங்கியது. பொன்னாடையைப் போர்த்தும்போதும் முகத்தோடு முகம் வைக்கும் அளவுக்கு நெருங்கினார். எந்தப் பொன்னாடைக்கும் அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. நான் பணியாற்றிய காலமெல்லாம் கள விசாரணை அறிக்கை வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு விசாரணையைப் பார்த்ததில்லை.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். "நடிங்க சம்பந்தி" என்றார்.

மேலே தொங்கிய மைக் அதைத் திடல் முழுக்கச் சொன்னது. பெண்கள் பக்கத்தில் குலவைச் சத்தம். பண்ணைக்காரருக்கு அடுத்த வரி மட்டுமல்ல, நாடகமே மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் கொடுத்தேன். பொன்னாடையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"வாயத் தொறந்தாத்தானே நாத்தம் வரும், அதான் பேசாம நிக்கறயா?" என்று கத்திக்கொண்டு சேலத்து நடிகை உள்ளே வந்தார். அது என் வசனம் இல்லை. திடல் அதற்குத்தான் கைதட்டியது. பண்ணைக்காரர் பொன்னாடையோடும் புன்னகையோடும், முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பிச் செத்தார்.

ஆவணியில் அதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. நாங்கள் ஒத்திகை பார்த்த கூடத்திலேயே சாப்பிட்டோம். பெண்ணின் அத்தை என் புகார்களை வரிசை மாறாமல் பந்தியில் ஒப்பித்தார், நான் மோர் சாதத்தில் இருக்கும்போது. பண்ணைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு குழுவுக்கு வரும் முட்டைகளில் ஒன்றுகூட விரிசல் இல்லை. ஏன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.